பயிற்சித்தாள் நகல்களைக் குறைப்பது: எந்தத் தாள் போகலாம், எது இருக்க வேண்டும்?

ஜூன் 11, வாசகர் கேள்வி

ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்குக் கணிதமும் அறிவியலும் நடத்துகிறேன். வாரந்தோறும் பயிற்சித்தாள், சிறுதேர்வு, செய்முறைக் குறிப்பு என்று நகல் எடுத்து மாளவில்லை. எல்லாவற்றையும் இணையத்துக்கு மாற்றிவிட்டால் ஒரே ஆண்டில் காகிதமே இல்லாத வகுப்பறையை உருவாக்கிவிடலாம் என்பது என் கருத்து. கூகுள் கிளாஸ்ரூம், மூடில் என்னும் இணைய வகுப்பறைத் தளங்கள், வாட்ஸ்அப் குழு ஆகியவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது?

ஜூன் 11, இரவு

செயலியைத் தேர்ந்தெடுப்பது கடைசி வேலை. ஒரு வாரம் நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு நகலிலும் ஒரு தாளைத் தனியாகச் சேர்த்து வையுங்கள். வார இறுதியில் அந்தத் தாள் மாணவர் கையில் என்ன ஆனது என்று விசாரியுங்கள். உங்கள் கேள்விக்குரிய விடையில் பாதி அங்கே கிடைத்துவிடும்.

அளவு புரிவதற்காக ஒரு கணக்கு. ஐந்து பிரிவுகள், பிரிவுக்கு 40 பேர், ஆளுக்கு வாரம் இரண்டு தாள், ஆண்டுக்கு 36 வாரம் என்று வைத்துக்கொண்டால் 14,400 தாள்கள் ஆகின்றன. ஏ4 தாளின் பரப்பு ஒரு சதுர மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு. சதுர மீட்டருக்கு 80 கிராம் எடையுள்ள வழக்கமான தாள் என்றால் ஒன்று 5 கிராம். ஆக ஒரே ஆசிரியர் ஓராண்டில் 72 கிலோ காகிதத்தை, அதாவது 500 தாள் கொண்ட கட்டுகளில் ஏறத்தாழ 29 கட்டுகளை, வகுப்பறைக்குள் கொண்டுவருகிறார். இதில் மாணவரின் நோட்டுப் புத்தகங்கள் சேரவில்லை.

சேர்த்து வைத்த தாள்களைப் பார்த்தால் அவற்றுக்கு நேரும் கதி மூன்று விதம் என்பது தெரியும். சில தாள்கள் மாணவரிடம் போய், நான்கு எழுத்துகள் எழுதப்பட்டு, ஆசிரியரிடம் திரும்பி, எண்ணப்பட்டு, மூலையில் குவிகின்றன. சில ஒருமுறை படிக்கப்பட்டு பைக்குள் கசங்குகின்றன. சிலவற்றின் மேல் மாணவர் உண்மையாகவே உட்கார்ந்து யோசித்திருக்கிறார்: அடித்தல், திருத்தல், ஓரத்தில் ஒரு கூட்டல், பாதியில் கைவிட்ட ஒரு படம். முதல் வகையை இன்றே திரைக்கு மாற்றலாம். இரண்டாம் வகையைப் பெரும்பாலும் மாற்றலாம். மூன்றாம் வகையில் கை வைப்பதற்கு முன் நிறைய யோசிக்க வேண்டும்.

ஜூன் 12

"நகல் எடுத்து மாளவில்லை" என்று எழுதியிருந்தீர்கள். அந்தச் சோர்வுக்கு ஒரு வரலாறு உண்டு. சைக்ளோஸ்டைல் காலத்தில் ஸ்டென்சில் வெட்டி, மை தடவி, உருளையைச் சுற்ற வேண்டியிருந்ததால், எதைப் பிரதி எடுப்பது என்பதைப் பத்து முறை யோசித்தே முடிவுசெய்தார்கள். செஸ்டர் கார்ல்சன் 1938இல் உலர்முறை நகலைச் செய்துகாட்டினார். 1959இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் 914 என்னும் நகல் இயந்திரம் வந்தது. பொத்தானை அழுத்தினால் சாதாரணத் தாளில் நகல் என்ற நிலை ஏற்பட்டதும் அந்த யோசனை போய்விட்டது. அதே நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்துக்குத் தலைமை வகித்த ஜார்ஜ் பேக், எதிர்கால அலுவலகத்தில் ஆவணங்களைத் திரையிலேயே வரவழைத்துப் பார்ப்போம், அச்சிட்ட தாளின் தேவை வெகுவாகக் குறைந்துவிடும் என்று 1975இல் முன்னுரைத்தார். திரை அவர் சொன்னபடியே வந்தது. அச்சிடும் கருவியும் அதன் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துகொண்டதால், காகிதப் பயன்பாடு குறைவதற்குப் பதிலாகப் பல ஆண்டுகள் கூடிக்கொண்டே போனது.

எளிதாகக் கிடைப்பது அதிகமாகச் செலவாகும். கோப்புகளுக்கும் இது பொருந்தும் என்பதைப் பிறகு எழுதுகிறேன்.

ஜூன் 12, சற்று நேரம் கழித்து

காகிதப் பயன்பாட்டைக் குறைக்குமாறு அறிவுறுத்தும் சுற்றறிக்கையை ஒரு பக்கம் மட்டும் அச்சிட்டு ஆளுக்கு ஒன்று கொடுத்துவிட்டு, பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாக இன்னொரு தாளில் கையெழுத்தும் வாங்கிய இடத்தில் நான் பணிபுரிந்திருக்கிறேன். அந்தக் கையெழுத்துத் தாள் இன்னும் ஏதோ ஒரு கோப்பில் பத்திரமாக இருக்கும்.

ஜூன் 14

முதல் வகைக்கு வருகிறேன். பாடம் முடிந்ததும் கேட்கும் ஐந்து கேள்விகள், பொருத்துக, சரியா தவறா, ஒரு சொல் விடை ஆகியவற்றை கூகுள் ஃபார்ம் போன்ற படிவத்துக்கு மாற்றினால் தாள் மிச்சமாவதோடு, திருத்தும் மாலைப்பொழுதும் மிச்சமாகும். எந்தக் கேள்வியில் வகுப்பில் பாதிப் பேர் சறுக்கினார்கள் என்பது அப்போதே வரைபடமாகத் தெரிவதால், மறுநாள் எங்கே தொடங்க வேண்டும் என்ற முடிவை அன்றிரவே எடுத்துவிட முடிகிறது. காகிதத்தில் இதே தகவல் இருக்கிறது; ஆனால் நாம் திருத்தி முடிக்கும்போது பாடம் மூன்று நாள் முன்னே போயிருக்கும்.

கணிதத்தில் ஒரு சிக்கல் உண்டு. விடை அரை என்றால் ஒரு மாணவர் 0.5 என்பார், இன்னொருவர் .5 என்பார், மற்றொருவர் 1/2 என்பார், ஒருவர் அலகையும் சேர்த்து 0.5 செ.மீ. என்பார். நால்வரும் சரி, விடைக்குறிப்பில் 0.5 மட்டும் இருந்தால் படிவம் ஒருவருக்குத்தான் மதிப்பெண் தரும். ஏற்கத்தக்க வடிவங்களை முன்கூட்டியே விடைக்குறிப்பில் சேர்க்க வேண்டும், அல்லது விடை எண்ணாக மட்டுமே இருக்க வேண்டும் என்று கட்டுப்படுத்த வேண்டும். மூடிலில் எண்வகை வினாவுக்குப் பிழைவரம்பு கொடுக்க முடியும் என்பதால், 9.8 என்றும் 9.81 என்றும் எழுதிய இருவரையும் ஏற்கச் செய்யலாம். அதே மூடிலில் ஒவ்வொரு மாணவருக்கும் வேறு வேறு எண்களுடன் ஒரே கணக்கைத் தரும் வினாவகையும் இருக்கிறது. பக்கத்து மேசையை எட்டிப் பார்ப்பவருக்கு அது பெரிய ஏமாற்றம்.

ஜூன் 15

"எல்லா மாணவரிடமும் கைப்பேசி இல்லை, இருந்தாலும் வகுப்பறைக்குள் அனுமதி இல்லை, நீங்கள் எழுதுவது யாருக்காக?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.

ஆசிரியரிடம் ஒரே ஒரு கைப்பேசி இருந்தால் போதும் என்ற வழியும் இருக்கிறது. பிளிக்கர்ஸ் என்னும் முறையில் ஒவ்வொரு மாணவருக்கும் தனி எண்ணுள்ள ஓர் அட்டை தரப்படும். அதில் கறுப்பு வெள்ளைக் கட்டங்களால் ஆன ஒரு குறி இருக்கும். அட்டையின் நான்கு பக்கங்களும் ஏ, பி, சி, டி என்ற நான்கு விடைகளுக்குரியவை. தாம் தேர்ந்த விடை மேலே வருமாறு மாணவர் அட்டையைத் திருப்பிப் பிடிக்க, ஆசிரியர் கைப்பேசியின் கேமராவை வகுப்பின் மீது ஒருமுறை மெல்ல நகர்த்தினால் நாற்பது விடைகளும் பதிவாகிவிடும். ஒவ்வொருவரின் குறியும் வேறு. எழுத்துகள் மிகச் சிறியவை. ஆகையால் பக்கத்தில் இருப்பவர் எந்த விடையைக் காட்டுகிறார் என்பதை எளிதில் கண்டுபிடிக்க முடியாது.

அட்டைகளை ஒருமுறை அச்சிட்டால் ஆண்டு முழுவதும் வரும். பளபளப்பான உறை போட வேண்டாம். ஜன்னல் வெளிச்சம் பட்டு மின்னினால் கேமரா அந்த அட்டையைப் படிக்காது. அட்டையைக் குறியின் மேல் விரல் படாமல் ஓரத்தில் பிடிக்கச் சொல்ல வேண்டும். கடைசி வரிசையில் ஒரு மாணவர் விடை தெரியாமல் அட்டையை மெதுவாகச் சுழற்றிக்கொண்டே, முன்வரிசையைப் பார்த்துவிட்டு ஒரு பக்கத்தில் நிறுத்துவதை இந்த முறையில் கண்ணாலேயே பார்க்கலாம். தாளில் அந்தத் தயக்கம் வெறும் "பி" என்ற எழுத்தாகத்தான் வந்திருக்கும்.

ஜூன் 15, பிற்பகல்

வாட்ஸ்அப் குழு பற்றி ஒரே வரி: அறிவிப்புக்கு நல்லது, வீட்டுப்பாடம் வாங்குவதற்கு ஆகாது. நாற்பது பேரின் புகைப்படங்கள் வாழ்த்துச் செய்திகளுக்கு நடுவே கலந்து கிடக்கும்போது, யார் தரவில்லை என்பதைக் கண்டுபிடிக்க நீங்கள் ஒரு தாளில்தான் பெயர்ப்பட்டியல் எழுதுவீர்கள்.

ஜூன் 18

இரண்டாம் வகையை, அதாவது படித்துவிட்டுக் கசக்கும் தாள்களை, "பெரும்பாலும் மாற்றலாம்" என்று முதல் நாள் எழுதினேன். அந்தப் "பெரும்பாலும்" என்ற சொல்லை இப்போது சற்றுப் பிரித்துப் பார்க்க விரும்புகிறேன்.

அட்டவணை, வீட்டுப்பாட அறிவிப்பு, செய்முறையின் படிநிலைகள், தேர்வுக்கான பாடப்பகுதிகள் போன்றவை திரையில் இருப்பதே மேல். மாற்றம் வந்தால் ஒரு இடத்தில் திருத்தினால் போதும், இருநூறு நகல்களில் பேனாவால் அடித்துத் திருத்தச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இரண்டு மூன்று பக்க நீளமுள்ள, கருத்துகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட கட்டுரைப் பகுதி அப்படி அல்ல. நார்வேயில் ஆன் மாங்கனும் உடன் ஆய்வாளர்களும் பத்தாம் வகுப்பு மாணவர் 72 பேரை இரு குழுவாகப் பிரித்து, ஒரே பகுதிகளை ஒரு குழுவுக்கு அச்சிலும் மற்றதற்குத் திரையில் பிடிஎஃப் வடிவிலும் கொடுத்துப் பார்த்தார்கள். 2013இல் வெளியான அந்த ஆய்வில் அச்சில் படித்தவர்களே கூடுதலாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். ஓர் ஆய்வை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாதுதான். ஆனால் 2018இல் வந்த ஒரு தொகுப்பாய்வு 54 ஆய்வுகளை, ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவுகளை, ஒன்றுசேர்த்துப் பார்த்தபோதும் அதே திசைதான் தெரிந்தது. தகவல் சார்ந்த உரைநடையிலும், நேரக் கட்டுப்பாட்டோடு படிக்கும்போதும் அச்சின் சாதகம் தெளிவாக இருந்தது. கதை மட்டும் படிக்கும்போது பெரிய வேறுபாடு இல்லை. 2000இலிருந்து 2017 வரையிலான ஆய்வுகளில் இந்த இடைவெளி குறையவில்லை, கூடியே வந்திருக்கிறது என்பது, திரையோடு பிறந்த தலைமுறைக்குத் திரை பழகிவிடும் என்று நம்பியிருந்த என்னைப் போன்றவர்களுக்கு வியப்பளித்தது.

இதற்கு நான் கைக்கொண்ட வழி பழையது. நீண்ட பகுதியை ஒரு வகுப்புக்குரிய எண்ணிக்கை மட்டும் அச்சிட்டு, ஒளிபுகும் உறையில் போட்டு, எல்லாப் பிரிவுகளுக்கும் அதையே சுற்றில் விடுகிறேன். அதன்மேல் எழுதக் கூடாது. விடை நோட்டில் எழுதப்படும், அல்லது படிவத்தில் நிரப்பப்படும். இருநூறு நகலுக்குப் பதில் நாற்பது நகல். உறையின் மேல் துடைத்தழிக்கும் பேனாவால் அடிக்கோடிட அனுமதித்தால், அடுத்த வகுப்பு வருவதற்குள் துடைத்து வாங்குவதற்கு ஒரு பொறுப்பாளரை நியமிக்க வேண்டும். அந்தப் பதவிக்கு வரும் போட்டியைப் பார்த்தால் தேர்தல் ஆணையம் தேவைப்படும்.

ஜூன் 19

மடிக்கணினியில் தட்டச்சு செய்து குறிப்பெடுப்பவரைவிடக் கையால் குறிப்பெடுப்பவர் கருத்தை நன்கு உள்வாங்குகிறார் என்று 2014இல் வெளிவந்த ஆய்வை ஒருவர் சுட்டியிருக்கிறார். அதை மீண்டும் செய்துபார்த்து 2019இல் வெளியிட்டவர்களுக்கு அதே தெளிவான முடிவு கிடைக்கவில்லை. ஆகவே நோட்டை விடக் கூடாது என்பதற்கு நான் அந்த ஆய்வைத் துணைக்கு அழைக்க மாட்டேன். கணிதத்தில் நோட்டு வேண்டும் என்பதற்கு வேறு காரணம் இருக்கிறது.

ஜூன் 21

அந்தக் காரணம் இது. கைப்பேசியில் ஒரு பின்னத்தின் வர்க்கமூலத்தை எழுதிப் பாருங்கள். அடுக்குக்குறி எங்கே, கோடு எங்கே, அடைப்புக்குறி எங்கே என்று தேடுவதற்குள் கணக்கின் இழை அறுந்துவிடும். மாணவரின் கவனத்தை விசைப்பலகை தின்றுவிடுகிறது. திரையில் எழுதும் பேனாவோடு கூடிய டேப்லெட் இருந்தால் நிலைமை வேறு. எல்லோரிடமும் அது இருக்கும் என்று வைத்துக்கொண்டு திட்டம் போட முடியாது.

கணக்கின் படிகள் நோட்டிலேயே இருக்கட்டும். குறைக்க வேண்டியது, கணக்குகளை அச்சிட்டு விநியோகிக்கும் தாளைத்தான். கணக்குகளைப் புரொஜெக்டரில் காட்டலாம். வீட்டுக்கு என்றால் இணைய வகுப்பில் ஒரு பக்கமாக இடலாம். மாணவர் நோட்டில் செய்து, படமெடுத்து அனுப்பலாம். படமெடுப்பதையும் ஒரு வகுப்பில் கற்றுத்தர வேண்டும் என்பது அனுபவம். இல்லாவிட்டால் பக்கத்தின் குறுக்கே கைப்பேசியின் நிழல் விழுந்திருக்கும், பென்சில் எழுத்து சாம்பல் நிறத்தில் கரைந்திருக்கும், படம் தலைகீழாகவும் இருக்கும். கழுத்தைச் சாய்த்துத் திருத்தியவர்களுக்குத் தெரியும். ஸ்கேன் செய்யும் செயலி வழியாக எடுத்தால் ஓரங்கள் நேராகி, பின்னணி வெளுத்து, எழுத்து கறுத்து, பல பக்கங்கள் ஒரே பிடிஎஃப் ஆகிவிடுகின்றன. சாதாரணப் புகைப்படத்தைவிடக் கோப்பின் அளவும் பெரிதும் குறைகிறது. ஜன்னலுக்கு எதிரே நில்லாமல் பக்கவாட்டில் நின்று எடுக்கச் சொல்லுங்கள்.

எல்லாப் பக்கங்களையும் வாங்காதீர்கள். வாரம் ஒரு கணக்கு, அதுவும் மாணவர் தாமே தேர்ந்தெடுத்த, தமக்கு எங்கே சிக்கியது என்று ஒரு வரியும் சேர்த்த கணக்கு போதும். எளிதாகக் கிடைப்பது அதிகமாகச் செலவாகும் என்று முன்பு சொன்னது இங்கேதான் பொருந்துகிறது: தாள் தீர்ந்துவிடும் என்ற அச்சம் இல்லாததால் வீட்டுப்பாடத்தின் அளவு நமக்குத் தெரியாமலே வீங்குகிறது.

ஜூன் 21, இரவு

வரைபடத்தாளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஜியோஜீப்ரா, டெஸ்மாஸ் போன்ற வரைபட மென்பொருள்கள் இருக்கும்போது வரைபடத்தாள் எதற்கு என்பது கேள்வி. முதல் சில வளைவுகளைப் புள்ளி புள்ளியாகக் கையால் வரையட்டும். அளவுத்திட்டத்தைத் தவறாக எடுத்துத் தாளுக்கு வெளியே வளைவு ஓடிப்போகும் அனுபவம் ஒவ்வொருவருக்கும் ஒருமுறை நேர வேண்டும். அதன் பிறகு, குணகத்தை மாற்றினால் பரவளையம் எப்படி விரிகிறது, எப்படிக் கவிழ்கிறது என்று பார்ப்பதற்கு ஒரு டஜன் தாளை வீணாக்காமல் திரையில் நகர்த்தியைத் தள்ளுவதே பொருத்தம். சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்குஸ் ஹோஹன்வார்ட்டர் தொடங்கிய ஜியோஜீப்ராவை இணையம் இல்லாமலும் நிறுவிப் பயன்படுத்தலாம். இயற்பியலுக்கு ஃபெட் உருவகப்படுத்தல்கள், அதாவது திரையில் செய்துபார்க்கும் சோதனைகள், உள்ளன. நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002இல் தொடங்கிய திட்டம் அது. மின்சுற்றுப் படத்தை அச்சிட்டு "விளக்கின் நிலை என்ன?" என்று கேட்பதைவிட, இணைப்பைத் துண்டித்துப் பார்க்கச் சொல்வது சிறந்த கேள்வி.

ஜூன் 25

நான் சற்று அதிகமாகவே பேசப்போகும் பகுதி கட்டுரையும் ஆய்வறிக்கையும். மொழியாசிரியர்களுக்கு மட்டும் உரியது என்று எண்ண வேண்டாம். செய்முறை அறிக்கைக்கும் இது பொருந்தும்.

காகிதத்தில் இரண்டாம் வரைவு என்பது தண்டனை. முழுவதையும் மீண்டும் எழுத வேண்டும், அல்லது மீண்டும் அச்சிட வேண்டும். ஆகவே நாம் சிவப்பு மையால் எழுதிய குறிப்புகளை மாணவர் பார்த்துவிட்டு, மதிப்பெண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, தாளை மடித்துவிடுவார். கிளாஸ்ரூமில் "ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு நகல்" என்ற வசதியோடு ஆவணத்தை விட்டால், மாணவர் எழுதிக்கொண்டிருக்கும்போதே ஓரக்குறிப்பு இட முடிகிறது. அவர் அந்தப் பத்தியை மட்டும் திருத்தினால் போதும். பதிப்பு வரலாற்றைத் திறந்தால் கட்டுரை எப்படி வளர்ந்தது என்பது தெரியும்: ஒரே இரவில் முழுதாக வந்து ஒட்டிக்கொண்டதா, மூன்று நாளில் பத்தி பத்தியாக வந்ததா என்று கேட்க வேண்டிய அவசியமே எழாது.

மதிப்பெண்ணைக் கடைசி வரை மறைத்து வைப்பது நல்லது. ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வில், குறிப்புரை மட்டும் பெற்ற மாணவர்கள் அடுத்த பணியில் முன்னேறினார்கள். குறிப்புரையோடு மதிப்பெண்ணும் பெற்றவர்கள், மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைப் போலவே நடந்துகொண்டார்கள். எண்ணைக் கண்டதும் கண் குறிப்புரைக்குப் போவதில்லை. திரையில் இந்த இரண்டையும் தனித்தனி நாளில் வெளியிடலாம். தாளில் அதற்கு இரண்டு முறை கட்டைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும்.

இங்கே மிச்சமான தாள் ஆளுக்கு நான்கோ ஐந்தோதான் இருக்கும். இரண்டாம் வரைவு உண்மையாகவே எழுதப்பட்டதைத்தான் நான் பெரிய ஆதாயமாகக் கருதுகிறேன்.

ஜூன் 26

மேலே எழுதியதற்கு ஒரு துணைக்குறிப்பு: ஓரக்குறிப்பு இடுவது எளிது என்பதால் முப்பது குறிப்பு இடாதீர்கள். மூன்று போதும். அவை திருத்தப் பரிந்துரைகளாக இருந்தால் முப்பதையும் "ஏற்றுக்கொள்" என்று வரிசையாக அழுத்திவிட்டு ஐந்தே நிமிடத்தில் திருத்திய படி வந்து சேரும். நாம் எழுதியதை நமக்கே திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

ஜூலை 2

நண்பர் ஒருவர் தம் வகுப்பில் நகல் பாதியாகக் குறைந்துவிட்டதாக எழுதியிருக்கிறார். மகிழ்ச்சி. ஆனால் அந்தத் தாள்கள் எங்கே போயின என்று பார்க்க வேண்டும். நான் இருபது பக்க மீள்பார்வைக் கையேட்டை பிடிஎஃப் ஆக அனுப்பிவிட்டு, நகல் எடுக்கும் அறைப்பக்கமே போகவில்லை என்ற நிறைவோடு வகுப்புக்கு வந்தபோது, பலரின் மேசையிலும் அந்தக் கையேடு அச்சிட்ட தாளாக இருந்தது. சிலர் ஒருபக்கம் மட்டும் அச்சிட்டிருந்தார்கள். வண்ணத்தில் அச்சிட்டவரும் உண்டு. பள்ளியின் கணக்கில் குறைந்த காகிதம் வீட்டுக் கணக்கில் ஏறியிருந்தது. செலவும் அங்கேயே ஏறியிருந்தது. அச்சிட வசதியில்லாத பிள்ளை சிறிய திரையில் இருபது பக்கத்தை விரலால் இழுத்துக்கொண்டிருந்தது.

தாளுக்காக வடிவமைத்ததை அப்படியே கோப்பாக மாற்றினால் அது மறுபடியும் தாளாகத்தான் ஆசைப்படும். திரையில் படிப்பதற்கானதைத் திரைக்கென்றே எழுத வேண்டும்: ஒரே நெடுவரிசை, பெரிய எழுத்து, குறுகிய பகுதி, நடுநடுவே விடையைத் தொட்டுப் பார்க்கும் கேள்வி. அப்படி மாற்றியமைக்க நேரமில்லையென்றால், பள்ளியிலேயே இருபுறமும் அச்சிட்டுக் கொடுப்பதே நேர்மையானது.

ஜூலை 2, தொடர்ச்சி

அச்சிடுவது என்றாகிவிட்டால் ஒரு கணித ஆசிரியருக்குப் பிடித்த தகவல். ஏ வரிசைத் தாள்களின் நீள அகல விகிதம் இரண்டின் வர்க்கமூலத்துக்குச் சமம். பாதியாக மடித்தாலும் அதே விகிதம் மாறாது. ஆகவே இரண்டு ஏ4 பக்கங்களை ஒரு பக்கத்தில் வெண்ணிடம் வீணாகாமல் 71 சதவீத அளவில் பொருத்தலாம். இருபுறமும் அச்சிட்டால் நான்கு பக்கங்கள் ஒரே தாளில் வரும். மூலத்தில் எழுத்தளவு 14 இருந்தால் சுருங்கியபின் ஏறத்தாழ 10 இருக்கும், படிக்க முடியும். 11 இருந்தால் 8க்கும் கீழே போய்விடும், முன்வரிசையில் கண்ணாடி அணிந்தவர் மூக்கால் படிப்பார். எந்தச் செயலியும் இல்லாமல் நான்கில் மூன்று பங்கைக் குறைக்கும் வழி இது. டிஜிட்டல் கருவிதானா என்று கேட்டால், அச்சிடும் சாளரத்தில் இரண்டு பொத்தான்கள் இருக்கின்றன என்பேன்.

ஜூலை 7

2023இல் ஸ்வீடன் அரசு அச்சிட்ட பாடநூல்களுக்குத் திரும்பும் கொள்கையை எடுத்ததையும், யுனெஸ்கோ அதே ஆண்டு அறிக்கையில் கல்வித் தொழில்நுட்பம் குறித்து எச்சரித்ததையும் காட்டி, "உலகமே திரும்பிவிட்டது, நீங்கள் இன்னும் புறப்படுகிறீர்களே" என்று ஒருவர் கேலி செய்திருக்கிறார். அந்த விவாதத்தின் மையம் பாடநூலும் படிப்புப் பழக்கமும். சிறுதேர்வுத் தாளை மீட்டெடுக்க வேண்டும் என்று யாரும் அங்கே கோரவில்லை. பாடநூல் அச்சில் இருக்கட்டும் என்பதை நானும் ஜூன் 18 குறிப்பில் ஏறத்தாழ ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

ஜூலை 8

சுற்றுச்சூழல் காரணத்தை முன்வைத்து ஆளுக்கொரு டேப்லெட் வாங்கலாமா என்ற கேள்விக்கு என் விடை, வேண்டாம் என்பதே. டேப்லெட்டுக்கும் மடிக்கணினிக்கும் அவற்றின் ஆயுளில் உண்டாகும் கரிம உமிழ்வில் பெரும்பகுதி தயாரிக்கும்போதே வெளியாகிவிடுகிறது. தாளை மிச்சப்படுத்துவதற்கென்றே புதிதாக ஒன்றை வாங்கி மூன்று ஆண்டில் தூக்கிப் போட்டால் கணக்கு நேர்படாது. 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு உருவானது என்றும், அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 சதவீதமே என்றும் 2024இன் உலக மின்னணுக் கழிவு அறிக்கை கூறுகிறது. காகிதமாவது மக்கும்.

ஏற்கெனவே இருக்கும் கருவிகளை இன்னும் இரண்டு ஆண்டு கூடுதலாக ஓட்டுவதே பசுமையான முடிவு. மின்கலம் மாற்றக்கூடியதா என்று பார்த்துவிட்டு, மாற்றிப் பயன்படுத்துங்கள்.

ஜூலை 13

தேர்வு நாளன்று வைஃபை நின்றுவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. பள்ளிக்குள்ளேயே ஒரு சிறு கணினியை வழங்கியாக (சர்வராக) வைத்து அதில் மூடிலை நிறுவினால் வெளி இணையம் தேவையில்லை, உள்வலையே போதும். கொலிப்ரி என்னும் கட்டற்ற கற்றல் மென்பொருள் இணையமில்லாத இடங்களுக்கென்றே உருவாக்கப்பட்டது. கிவிக்ஸ் என்னும் செயலி வழியாக விக்கிப்பீடியாவையே இறக்கி வைத்துக்கொள்ளலாம். ஒருமுறை அமைக்கும்வரை சிரமம் இருக்கிறது. பள்ளியில் இதைப் பராமரிக்கத் தெரிந்தவர் ஒருவர் மட்டும் இருந்து, அவரும் விடுப்பில் போய்விட்டால் அதைவிடப் பெரிய சிரமம்.

வினாத்தாளின் ஒரு அச்சுப் படி மேசை இழுப்பறையில் இருக்கட்டும். மின்சாரம் போனால் கரும்பலகையில் எழுதிப் போட்டு நோட்டில் விடை வாங்கலாம்.

ஜூலை 20

அலுவலகப் பதிவேடுகளைப் பற்றிச் சுருக்கமாக. வருகைப்பதிவையும் மதிப்பெண் பட்டியலையும் கணினியில் ஏற்றிவிட்டு, அதையே அச்சிட்டுக் கையொப்பமிட்டு, இன்னொரு பெரிய நோட்டிலும் கையால் எழுதும் வழக்கம் இருக்கும் இடத்தில், ஆசிரியர் வகுப்பறையில் சேமித்ததையெல்லாம் அலுவலக அறை ஒரே மாதத்தில் விழுங்கிவிடும். எது மூலப்பதிவு என்று எழுத்தில் முடிவாகாதவரை மூன்றும் நடக்கும். அந்த முடிவை ஆசிரியர் கூட்டத்தில் கேட்டு வாங்க வேண்டும். செயலி வாங்கித் தராது.

ஜூலை 24

முதல் கேள்விக்கு இப்போது நேரடியாக விடை சொல்லலாம். உங்கள் பள்ளியில் கூகுள் கணக்குகள் ஏற்கெனவே இருந்தால் கிளாஸ்ரூமே போதும். கற்றுக்கொள்ள ஒரு மாலை ஆகும். வினா வங்கி, பிழைவரம்பு, இணையமில்லா உள்வலை ஆகியவை வேண்டுமென்றால் மூடில். அதற்கு ஒரு விடுமுறையே ஆகும். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ளாதீர்கள். எந்தப் பாடத்துக்கு எங்கே போக வேண்டும் என்று மாணவர் ஒரு தாளில் அச்சிட்டுத் தரச் சொல்வார்கள். ஐந்து பாட ஆசிரியர்களும் ஐந்து செயலிகளைத் தேர்ந்தெடுப்பதைவிட, நடுத்தரமான ஒன்றில் ஐவரும் உடன்படுவது மேல்.

முதல் பருவத்தில் சிறுதேர்வுகளை மட்டும் மாற்றுங்கள். அது பழகியபின் அறிவிப்புகள், பிறகு கட்டுரை வரைவுகள். நோட்டையும் நீண்ட வாசிப்பையும் தொட வேண்டாம்.

ஜூலை 25

ஆண்டு முடிவில் செய்ய வேண்டியதைக் கேட்டவருக்கு: மதிப்பெண்களை அட்டவணைக் கோப்பாக இறக்கி இரண்டு இடங்களில் சேமியுங்கள், வகுப்பைக் காப்பகத்துக்கு மாற்றுங்கள், மாணவரின் புகைப்படங்களும் விடைகளும் உங்கள் சொந்தக் கைப்பேசியின் படத்தொகுப்பில் தங்கியிருந்தால் அழித்துவிடுங்கள், பகிர்ந்த ஆவணங்களில் "இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்" என்று விட்டிருந்தால் அந்த அனுமதியை நீக்குங்கள். மாணவருக்குத் தம் கட்டுரைகளை எடுத்துக்கொள்ள இரண்டு வாரம் முன்னதாகவே சொல்லிவிடுங்கள். பள்ளிக் கணக்கு முடக்கப்பட்டபின் வந்து கேட்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள்.